‘முழுமையுறாத’ இதயமா? ஊர்வனவற்றின் குருதியோட்ட ஒழுங்கமைவு பற்றிய விளக்கங்கள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

ஊர்வனவற்றின் இதயத்தை விளக்குமிடத்து ‘முழுமையுறாத’ என்னும் அடை உயிரியல் பாடங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. முதலையினம் நீங்கலான ஊர்வனவற்றுக்கு மேலறைகள் இரண்டு, கீழறை ஒன்றே. அக்கீழறையைத் தசைமேடு ஒன்று ஓரளவே பிரிக்கிறது. பாலூட்டியின் இதயத்தை அளவுகோலாகக் கொள்வோர்க்கு இது குறையாகத் தோன்றுகிறது. அவ்வடை பொருந்துமா என்பதையும், அதற்கு மறுப்பாக எழுந்த விளக்கங்களின் வலிமையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

குழாய் இறுக்கமும் குருதியின் வழியும்

ஒரே கீழறையிலிருந்து நுரையீரலுக்கும் உடலுக்கும் குருதி செல்வதால், எவ்வழியில் எவ்வளவு செல்லும் என்பதைக் குருதிக்குழாய்களின் இறுக்கமே பெரிதும் முடிவுசெய்கிறது. ஆமை மூச்சடக்கியிருக்கையில் வேகஸ் நரம்பின் தூண்டல் மிகுகிறது. அந்நரம்புமுனைகள் வெளியிடும் அசிட்டைல்கோலின் நுரையீரல் தமனியைச் சுருக்குகிறது. உடலிலிருந்து திரும்பிய குருதியின் ஒரு பகுதி நுரையீரலைத் தவிர்த்து மீண்டும் உடலுக்கே செல்கிறது. மூச்சு தொடங்கியதும் இறுக்கம் தளர்ந்து நுரையீரல் ஓட்டம் பெருகுகிறது. மலைப்பாம்பு, உடும்பு ஆகியவற்றிலோ, கீழறை சுருங்கும்போது தசைமேடு எதிர்ச்சுவரோடு பொருந்துவதால், ஒரே அறைக்குள் உயரழுத்தமும் தாழழுத்தமும் தனித்தனியே நிலவுகின்றன. அமைப்பில் முற்றும் பிரியாதது செயலில் பிரிகிறது. எனவே ‘முழுமையுறாத’ என்பது செயலை விளக்கும் சொல்லாகாது.

பயன் பற்றிய வாதங்கள்

குறையன்று எனில் பயன் யாது? முதலையினத்தின் இதயம் நான்கு அறைகளுடையது. எனினும் இடப் பெருந்தமனி வலக் கீழறையிலிருந்து புறப்படுவதால் நுரையீரலைத் தவிர்க்கும் வழி அங்கும் உண்டு. கரியமில வளி மிகுந்த அக்குருதி இரைப்பை அமிலச் சுரப்புக்கு உதவுகிறது என 2008-இல் ஃபார்மர் குழுவினர் வாதிட்டனர். அவ்வழி அடைக்கப்பட்ட அமெரிக்க முதலைகளில் அமிலச் சுரப்புக் குறைந்தது. எலும்பு கரைவதும் தாமதமாயிற்று. ஆயின், அவ்வழி நீக்கப்பட்ட முதலைகளும் இயல்பாகவே வளர்ந்தன என 2010-இல் ஈம் குழுவினர் காட்டினர். தென்னமெரிக்கச் சங்கிலிவாலன் பாம்பில் நுரையீரல் தமனியின் நரம்புக் கட்டுப்பாட்டை நீக்கியபோதும் ஆக்சிஜன் ஏற்பும் வளர்ச்சியும் குன்றவில்லை என்பது லெய்ட்டே குழுவினரின் 2013-ஆம் ஆண்டு முடிவு.

இம்முடிவுகளை ஒன்றையொன்று மறுப்பனவாகக் கொள்வது பொருந்தாது. ஒன்று ஓர் உறுப்பின் செயலை அளந்தது. ஏனையவை வளர்ச்சி போன்ற முழுவுடல் விளைவுகளை அளந்தன. பேணப்படும் விலங்குக்கு இரை தவறாது கிடைக்கும். பகைவிலங்கின் அச்சமும் இல்லை. செரிமானம் சற்றுத் தாமதமாவது அங்கே வளர்ச்சியைத் தாக்காமல் போகலாம். அதேவேளை, அமிலச் சுரப்புக்கு உதவுகிறது என்பதனால் அவ்வழி அதற்காகவே தோன்றியது என முடிவுகட்டுவதும் தாவலே. ஓர் உறுப்பு இன்று ஆற்றும் செயலும், அது நிலைபெற்றதற்கான காரணமும் வேறு வேறு.

முடிவுரை

குறையென்று கூறியோரும் தகவமைப்பென்று கூறியோரும் வடிவத்திலிருந்தே தீர்ப்புக்குச் சென்றனர். ஊர்வனவற்றின் சிறப்பு அறைகளின் எண்ணிக்கையில் இல்லை. மூச்சு, இயக்கம், வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்பக் குருதியின் வழியை மாற்றும் ஒழுங்கமைவில் உள்ளது. ஆதலின் ‘முழுமையுறாத’ என்பதற்கு ஈடாகப் ‘பகுதி பிரிந்த’ என்னும் நடுநிலைச் சொல்லே பாடநூல்களுக்குத் தக்கது. பயனை நிறுவ விழையும் ஆய்வுகள் பசி, குளிர், நீண்ட மூச்சடக்கம் போன்ற இடர்நிலைகளில் அளவிடுதல் வேண்டும்.