மழைக்கு நடுவே பெருக்கத்தை மாற்றலாமா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படி நடக்கும்போதெல்லாம் சரிவுகளில் உணரிகளைப் புதைக்க வேண்டும் என்ற பேச்சு எழும். நியாயமான பேச்சுதான். 2005இல் நிலச்சரிவு கண்ட மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவிக் காட்டியிருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் அப்படியொன்று வருமானால், உணரியை அடுத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி முதலிலேயே முடிவெடுப்பது நல்லது.

துளையில் இறக்கிய குழாயின்மேல் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம். 5 வோல்ட் ஊட்டிய வீட்ஸ்டோன் சமனச்சுற்றில் அது இருந்தால், குழாய் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீளும்போது, அதாவது ஒரு மைக்ரோ திரிபுக்கு, கிடைப்பது வெறும் 2.5 மைக்ரோவோல்ட். மின்னழுத்தத்தை எண்ணாக்கும், 5 வோல்ட் வீச்சுள்ள 16 பிட் இலக்கமாற்றியின் ஒரு படியே சுமார் 76 மைக்ரோவோல்ட். ஆகவே பெருக்கியாக வேண்டும். 1000 மடங்கு பெருக்கினால் 2000 மைக்ரோ திரிபிலேயே ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் முட்டிக்கொள்ளும். குழாய் உண்மையிலேயே வளையும் வேளையில் கருவி ஊமை.

இங்கேதான் பெருக்கத்தை நிரல் வழியே மாற்றும் ஆம்ப்ளிஃபயர் கைகொடுக்கிறது. ஏடி8253 போன்ற சில்லில் 1, 10, 100, 1000 என நான்கு பெருக்கங்கள் உண்டு. நுண்கட்டுப்படுத்தி இரண்டு பின்களில் சொன்னால் போதும். மின்தடையை மாற்றச் சூட்டுக்கோலோடு மலையேற வேண்டாம். மின்தடைகள் ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதால் வெப்பம் ஏறி இறங்கும்போது ஏறத்தாழ ஒன்றாகவே நகர்கின்றன. பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறிமாறித் தாக்கும் பெட்டிக்குள் இது சிறிய லாபமல்ல.

ஆனால் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. இவ்வகை ஆம்ப்ளிஃபயரில் உள்ளீட்டு நிலைக்கு ஒரு பூச்சியப் பிழை, வெளியீட்டு நிலைக்கு இன்னொன்று. பின்னது பெருக்கத்தால் வகுபட்டு உள்ளீட்டில் தெரியும். அது 900 மைக்ரோவோல்ட் என்றால், பெருக்கம் 1000இல் 0.9 மைக்ரோவோல்ட், 10க்கு இறங்கினால் 90. சரிவு அசையவே இல்லை, பதிவில் மட்டும் சுமார் 36 மைக்ரோ திரிபு துள்ளுகிறது. அதுவும் எப்போது? அளவு ஏறி, கருவி தானாகப் பெருக்கத்தைக் குறைக்கும்போது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மழை இரவில்.

பரிகாரம் இருக்கிறது: உள்ளீட்டைக் குறுக்கிணைத்து, ஒவ்வொரு பெருக்கத்திலும் பூச்சியத்தை அளந்து கழித்துவிடலாம். அளவோடு பெருக்க எண்ணையும் பதிய வேண்டும். திருத்திய எண்ணை மட்டும் அனுப்பும் கருவியை நான் வாங்கமாட்டேன். இருந்தாலும், பெருக்கத்தை நிறுவும் நாளில் தேர்ந்து, பருவமழை முடியும்வரை தொடாமல் விடுவதே என் கட்சி. ஓரிடத்தில் அது செல்லாது. நில அதிர்வை உணரும் ஜியோஃபோன் அமைதியில் மைக்ரோவோல்ட்டும் அதிர்வில் பல வோல்ட்டும் தரும். 1970களின் எண்ணெய்த் தேடல் கருவிகள் ஒவ்வொரு மாதிரிக்கும் பெருக்கத்தை மாற்றித்தான் இதைச் சமாளித்தன. பின்னர் 24 பிட் மாற்றிகள் வந்து அந்த வேலையைப் பெருமளவு ஒழித்தன.

மெதுவாக மாறும் நிலத்தடி நீரழுத்தத்துக்கோ இத்தனை பாடும் வேண்டாம். அதிரும் கம்பி வகை அழுத்தமானி மின்னழுத்தத்தை அல்ல, அதிர்வெண்ணைத் தருகிறது. நீண்ட கேபிளில் சமிக்ஞை வலுவிழந்தாலும் அதிர்வெண் மாறாது. சரிவு இளகுவதற்கு முதல் காரணமே மண்ணுக்குள் ஏறும் அந்த நீரழுத்தம்தான் என்பதால், ஏற்காட்டுப் பாதையில் முதல் துளை போட்டால் அந்த அழுத்தமானியைத்தான் இறக்கச் சொல்வேன்.