மந்தைப் பாதையும் அதன் இரு படங்களும்

மேற்கு அவுஸ்திரேலியாவின் வடபாலுள்ள ஹோல்ஸ் கிறீக்கிலிருந்து தெற்கே விலுனா வரை, ஏறத்தாழ 1,850 கிலோமீற்றர் தூரம் பாலைநிலத்தை ஊடறுத்துச் செல்லும் மாட்டு மந்தைப் பாதை கனிங் பாதை என வழங்கும். கிழக்குக் கிம்பலி மாடுகளை உண்ணி பற்றியிருந்தமையால் அவற்றைக் கப்பலேற்றத் தடையிருந்தது. வறண்ட நிலத்தினூடே நடத்திச் செல்லின் உண்ணி மடியும் எனக் கருதினர். நில அளவையாளர் அல்பிரட் கனிங் 1906இல் புறப்பட்டு வழியை வகுத்தார். 1908 முதல் 1910 வரை கிணறுகளை அமைப்பித்தார்.

அவ்வழியைக் காட்டும் தேசப்படம் மிக எளியது. ஒரு கோடு, அதன்மீது எண்ணிட்ட கிணறுகள். மந்தை நடத்துவோனுக்கு வேண்டுவது அவ்வளவே. அவ்வகையில் அதிற் குறை காண்பதற்கில்லை. ஆயின் அவ்விடங்கள் எவ்வாறு அறியப்பட்டன என்பதைப் படம் கூறுவதில்லை. கனிங் குழுவினர் அந்நிலத்து மக்களைப் பிடித்து, கழுத்திற் சங்கிலி பூட்டி, நீருள்ள இடங்களைக் காட்டச் செய்தனர். குழுவின் சமையற்காரர் எட்வேட் பிளேக் முறையிட, 1908இல் அரச விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. சங்கிலி பயன்படுத்தியதைக் கனிங் மறுத்தாரல்லர். குழுவோ அவரைக் குற்றத்தினின்றும் விடுவித்தது. 'கண்டுபிடித்தார்' என நூல்கள் எழுதும் வினைமுற்றுக்கு உரிய எழுவாய் யார் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

படத்தில் 33ஆம் கிணறு எனப்படுவது குனவரிற்ஜி என்னும் ஊற்று. பெயர் இருந்த இடத்தில் எண் ஏறியதும், ஊற்று இருந்த இடத்தில் மரச்சட்டமிட்ட ஆழ்கிணறு தோன்றியதும் ஒரே செயலின் இரு கூறுகள். மாட்டுக்கு வசதியான கிணறு மனிதர்க்கு எட்டாததாயிற்று. 1929இல் திருத்தவேலைக்குச் சென்ற வில்லியம் ஸ்னெல், பல கிணறுகள் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருக்கக் கண்டார். அதனை நாசவேலை என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. அதுவும் படத்தின்மீது எழுதப்பட்ட ஒரு மறுப்புரையே. இத்துணை இடர்ப்பாட்டோடு அமைந்த பாதையில் 1911 முதல் 1931 வரை சென்றவை எட்டு மந்தைகளே.

2010இல் கன்பராவிலுள்ள தேசிய நூதனசாலை 'யிவரா குஜு' என்னும் ஓவியக் காட்சியைத் திறந்தது. அப்பாலைநில மக்களின் ஓவியங்கள் அதில் வைக்கப்பட்டன. அவற்றை அலங்காரம் எனக் கொள்வோர் தவறுவர். நீர்நிலைகள், மணல்மேடுகள், முன்னோர் நடந்த தடங்கள் ஆகியன மேலிருந்து நோக்கியவாறு அமைந்த நிலப்படங்கள் அவை. பாலை என யாம் எழுதுவதுங்கூட வசதிபற்றியே. அவ்வோவியங்களில் வெற்றிடமே இல்லை. 33ஆம் கிணற்றருகே பிறந்த றோவர் தோமஸ் மாடு மேய்க்கும் தொழிலும் செய்து, பின்னர் ஓவியரானவர்; இருவகை அறிவும் ஒருவரிடத்தே கூடியிருந்தமைக்கு அவர் சான்று.

இவ்வோவியங்களைக் கொண்டு அயலான் ஒருவன் நீரைச் சென்றடைதல் அரிது. தூரமும் திசையும் அளந்து தருவது அவற்றின் நோக்கமன்று. இடத்துக்கு உரியோர் இன்னார் என்பதையே அவை கூறுகின்றன. காட்சியின் தலைப்பிலேதான் எமக்கு ஐயம் எழுகின்றது. 'யிவரா குஜு' என்பதன் பொருள் 'ஒரே பாதை'. இணக்கம் கருதி இட்ட பெயர் போலும். ஓவியங்களிலோ பாதைகள் பல. கனிங் வகுத்தது அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பிற்காலத்துக் கோடு.