அடுத்து வரும் பிள்ளை

நமது சிறுவர் நூல்களில் பெரும்பாலும் பிழைத்துப் போவது கடைசிப் பக்கம்தான் என்பது எனது அபிப்பிராயம். கதை நன்றாகத்தான் போகும். முடிவில் 'இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை' என்று ஒரு பெட்டியைப் போட்டு, பிள்ளை யோசிக்க வேண்டியதை எழுதியவரே யோசித்து முடித்துவிடுவார். மெய்யியல் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரிய பாடமல்ல. 'ஏன்?', 'ஆருக்கு?', 'அதுக்குப் பொறகு?' என்று பிள்ளைகள் கேட்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு இடம் விடுகிற படைப்பு எது, விடாதது எது என்பதை இரண்டு குறும்படங்களையும் ஒரு சித்திரக் கதை நூலையும் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஈரானில் 1960களில் சிறுவர், இளைஞர்களின் அறிவு வளர்ச்சிக்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 'கானூன்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சித்திர நூல்களையும் சிறுவர் படங்களையும் ஒரே கூரையின் கீழ் உருவாக்கிய இடம் அது. அப்பாஸ் கியாரொஸ்தமி படமெடுக்கத் தொடங்கியதும் அங்கேதான். 1975இல் அவர் எடுத்த 'ஒரு பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்' சுமார் 5 நிமிடப் படம். இரவல் வாங்கிய கொப்பி கிழிந்த நிலையில் திரும்பி வருகிறது. முதல் தீர்வில் பழிக்குப் பழி. பென்சில் முறிகிறது, சட்டை கிழிகிறது, சேதக் கணக்கு கரும்பலகையில் ஏறுகிறது. இரண்டாம் தீர்வில் கிழிந்ததை ஒட்டிக் கொடுக்கிறான், நட்பு மிஞ்சுகிறது. அழகான படம்தான். ஆனால் கணக்குப் போல விடை வந்துவிடுகிறது. காரணம், அந்த உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

அவரது முதல் படமான 'ரொட்டியும் ஒழுங்கையும்' 1970இல் வந்தது. சுமார் 10 நிமிடம், பேச்சே இல்லை. ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனை ஒழுங்கையில் ஒரு நாய் மறிக்கிறது. பெரியவர் ஒருவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறான். அவர் பாதியில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து எறிகிறான். நாய் வாலாட்டிக்கொண்டு அவன் வீடு வரைக்கும் வருகிறது. கதவு சாத்தப்படுகிறது. நமது நூல்களாக இருந்தால் 'பிராணிகளிடம் அன்பு காட்டுவோம்' என்று இங்கேயே முடிந்திருக்கும். கியாரொஸ்தமி முடிக்கவில்லை. நாய் அந்த வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. கையில் பாத்திரத்தோடு இன்னொரு சிறுவன் வருகிறான். நாய் குரைக்கிறது. அவனது பயந்த முகத்தில் படம் உறைந்து நிற்கிறது.

கற்பிட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு இரண்டையும் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். முதலாவதுக்கு உடனே விடை வந்தது: "ஒட்டிக் குடுத்தாச் சரி சேர்." அத்தோடு முடிந்தது. இரண்டாவதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை கேட்டது: "இவன் ரொட்டி போட்டதாலதானே நாய் அங்க வந்து படுத்துச்சு? மற்றப் பொடியன் பாவம்தானே?" இன்னொரு பிள்ளை விடவில்லை: "அப்ப போடாம இருக்கணுமா?" அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த வாதம் ஓயவில்லை.

எனது தீர்வு அடுத்து வருபவனுக்குத் தொல்லையாக மாறலாமா? இந்தக் கேள்வி நமது கரைக்குப் புதியதல்ல. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். கொழும்புக்கு ஒரு தீர்வு கட்டாயம் தேவைப்பட்டது. அதை மறுப்பது அநியாயம். முன்னெடுக்கப்பட்ட தீர்வோ, சுமார் 170 கிலோமீற்றர் தள்ளி, சீமெந்துக்குச் சுண்ணக்கல் தோண்டிய நமது அருவக்காட்டில் குப்பையைக் கொண்டுவந்து போடுவது. 2018இல் புத்தளத்து மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பாத்திரத்தோடு வந்து நின்ற பிள்ளை நாம்தான். அதே கேள்வி நம்மையும் விடாது. நம் வீட்டுக் குப்பையைக் களப்போரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, அங்கே பாத்திரத்தோடு வந்து நிற்பவர் ஆர்?

இதற்கு ஒரு பதிலை நமது நாட்டுச் சித்திர நூல் ஒன்று சிரித்தபடி சொல்கிறது. சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா', அதாவது குடைக் கள்ளன், 1956இல் வந்தது. குடையே காணாத ஊருக்குக் கிரி மாமா குடை வாங்கி வருகிறார். ஒவ்வொரு முறையும் அது களவு போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அவை சிந்திய வழியே போனால், ஒரு மரம் நிறையக் குடைகள்! எல்லாவற்றையும் எடுத்தவர், ஒன்றை மட்டும் கள்ளனுக்கென விட்டுவிட்டு வருகிறார். கள்ளன் ஒரு குரங்கு என்பது பிறகுதான் தெரிகிறது. நீதி இழந்ததைத் திரும்பப் பெறுவதோடு முடிகிறதா, எதிரே நிற்பவனுக்கும் ஒரு குடை விடுகிறதா? வெத்தசிங்க பெட்டி போட்டு விளக்கவில்லை. படம் போதும்.

'கேள்வியோடு விட்டால் பிள்ளைகள் வழிதவறாதா?' என்று பெற்றோர் கேட்கலாம். நாய்க்குத் தண்ணீர் கொடுத்த மனிதரின் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். நமது சிறுவர் நூல்கள் அவருக்குக் கிடைத்த மன்னிப்புக்கு ஓடிவிடுகின்றன. நடுவிலிருப்பதை விட்டுவிடுகின்றன. கிணற்றிலிருந்து ஏறி வந்த அவர், தான் பட்ட தாகத்தைத்தான் இந்த நாயும் படுகிறது என்று நினைக்கிறார். மற்ற உயிரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் அந்த நினைப்புத்தான் அவரை மறுபடி கிணற்றுக்குள் இறக்குகிறது. கதையைக் கேட்ட ஸஹாபாக்களும் சும்மா இருக்கவில்லை; பிராணிகள் விடயத்திலும் நமக்குக் கூலி உண்டா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள், கேட்டதற்காகக் கடிந்துகொள்ளவில்லை.

ஆகவே நமது எழுத்தாளர்களிடமும் ஓவியர்களிடமும் நான் கேட்பது பெரிதொன்றுமல்ல. அடுத்த நூலில் அந்தப் படிப்பினைப் பெட்டியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு படம் போடுங்கள்: கையில் பாத்திரத்தோடு ஒழுங்கையில் வரும் இன்னொரு பிள்ளை. மிச்சத்தை நமது பிள்ளைகள் கேட்பார்கள்.