மண்வாசனையும் சர்வே எண்ணும்

தமிழில் நிலத்தைப் பற்றி விமரிசகர்கள் எழுதித் தள்ளியதை ஒன்றாய்க் கட்டினால் ஒரு லாரி பிடிக்கும். குறிஞ்சி, முல்லை என்று ஆரம்பித்து கரிசல், கொங்கு, நாஞ்சில் என்று வட்டாரம் வட்டாரமாய்ப் பிரித்து முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். 'மண்வாசனை' என்ற சொல் இல்லாமல் ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதுவதே சிரமம் என்று ஆகிவிட்டது. வாசனை வருகிற அந்த மண் யார் பேரில் பட்டாவாகி இருக்கிறது என்ற கேள்விதான் அபூர்வம்.

தலித் எழுத்து வந்தபோதும் இதே மூக்கோடுதான் வந்தார்கள். "இவங்க எழுத்துல வலி இருக்கு, கோபம் இருக்கு, நிலம் இல்லையே, நிலக்காட்சி இல்லையே" என்று மேடையில் பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். நான் சொல்ல வருவது இதற்கு நேரெதிர். தலித் பிரதிகளில் நிலம் நிறையவே இருக்கிறது. ஆனால் அது வாசனையாக இல்லை, வகைப்பாடாக இருக்கிறது. எது ஊர், எது சேரி, எது புறம்போக்கு, எந்த வரப்புவரை கால் வைக்கலாம் என்பதாக இருக்கிறது. அதைப் படிக்கத் திணை இலக்கணம் போதாது, கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கிற 'அ' பதிவேடும் அடங்கலும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. எனக்குப் பிடித்த நாவல், அதில் சந்தேகமில்லை. தெற்கே ஓடிவந்த தெலுங்குக் குடிகள் காட்டைக் கொளுத்தி, கரிசலைப் பண்படுத்தி ஊராக்கிய கதை. இதைப் புலம்பெயர்ந்தோர் காவியம் என்று கொண்டாடினோம். கொண்டாடலாம். ஆனால் 'நாங்க காடழிச்சோம், அதனால இது எங்க நிலம்' என்பது தமிழ்நாட்டு ஆதிக்க சாதிகள் பலவற்றின் உரிமைப் பத்திரம் என்பதையும் கவனிக்க வேண்டாமா? தொண்டை மண்டலத்தில் அதற்குப் பெயர் மிராசு. முதலில் குடியேறியவன் வாரிசு நான், ஆகவே விளையும் நிலம் மட்டுமல்ல, தரிசும் எனக்கே முதல் பாத்தியதை என்பது அந்த வாதம். தரிசு கேட்டு ஒரு பறையர் மனுப்போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை. சேரி மனைகூட மிராசுதாருடையது என்றார்கள். கூலி அதிகம் கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். காட்டை வெட்டிய கை யாருடையது, மண்வெட்டி பிடித்தவன் யார் என்று அந்தக் கதையாடலில் இடமே கிடையாது.

செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதைத்தான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தது. 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமருக்கு ஒதுக்கிய நிலத்தைக் குறிப்பிட்ட காலம்வரை விற்கக்கூடாது, அதன் பிறகும் பஞ்சமருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதை மீட்கக் காரணையில் இறங்கினார்கள். பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையைப் போலீஸ் அகற்றியது. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இந்த அறிக்கையும் அரசாணையும் ரெவின்யூக் காகிதம் என்று விமரிசகர்கள் ஒதுக்கலாம். தலித் வாசகனுக்கு இவை இலக்கியத்தின் பின்னணிக் குறிப்பு அல்ல, பிரதியின் பாதி.

பூமணியின் 'வெக்கை'யை (1982) எடுத்துக்கொள்வோம். கொலை செய்த பையனும் அப்பனும் காட்டில் ஒளிந்து திரிகிற நாட்கள். அதன் மலையும் ஓடையும், பறித்தும் சுட்டும் தின்கிற சோறும்தான் விமரிசகர்கள் கண்ணில் முதலில் பட்டன. கொலைக்கு அடியில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. அதை எழுதிக்கொடுக்கச் சொல்லி வந்த நெருக்குதலில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. காடு ஏன் அவ்வளவு நெருக்கமாக வருணிக்கப்படுகிறது? பட்டா நிலத்தில் நிற்க முடியாதவனுக்கு மிஞ்சியது அதுதான். 2019இல் இதே கதை 'அசுரன்' என்று படமானபோது பஞ்சமி நிலம் என்ற பெயரையே உரக்கச் சொன்னார்கள். நாவலில் இல்லாததைச் சேர்த்துவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டார்கள். திரைக்கதையில் கூச்சல் அதிகம் என்பது என் கருத்தும்கூட. ஆனாலும் நாற்பது வருஷமாக நிலத்தை நிலக்காட்சியாகவே வாசித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் குறைப்படுவது விசித்திரம்.

பாமாவின் 'கருக்கு' (1992) முதல் இயலுக்கு வருகிறேன். மலைகள், பாறைகள், அவற்றின் பேர்கள் என்று அழகாகத் தொடங்குகிறது. அப்புறம் தெருக்கள். எந்தச் சாதிக்கு எந்தத் தெரு, தபாலாபீஸ் எங்கே, பஞ்சாயத்து ஆபீஸ் எங்கே, பால் டிப்போ, பெரிய கடை, பள்ளிக்கூடம், கோயில் எங்கே என்று ஒரு கணக்கு. எல்லாம் மேல்தெருக்களில். இதை 'எளிமையான அறிமுகம்' என்று தாண்டிப்போகிறவர்கள் உண்டு. நான் இதை நிலப் பயன்பாட்டு வரைபடம் என்பேன். 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் போடும் அதிகாரிகள் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வண்ணம் அடிக்கிறார்கள். பாமா அடித்திருப்பது அந்த வரைபடத்தில் வராத வண்ணம். ரெவின்யூ கணக்கில் அது உண்டு: ஊர் நத்தம், சேரி நத்தம் என்று தனித்தனியாகவே எழுதினார்கள்.

அமெரிக்காவில் லூயிவில் நகரம் 1914இல் சட்டமே போட்டது, வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கிற தெருப்பகுதியில் கறுப்பர் குடியேறக்கூடாது என்று. 1917இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு விற்பனைப் பத்திரத்தில் நிபந்தனை எழுதிச் சமாளித்தார்கள், அது வேறு கதை. அங்கே ரத்து செய்ய ஒரு சட்டமாவது இருந்தது. நம்ம சேரியை எந்தச் சட்டம் ஊருக்கு வெளியே வைத்தது, எதைக் கொண்டுபோய் எந்தக் கோர்ட்டில் ரத்து செய்வது?

இன்றைக்குச் செங்கல்பட்டுப் பக்கம் வயல் எல்லாம் கல் நட்ட மனைப்பிரிவு. விவசாய நிலத்தை வீட்டு மனையாக வகைமாற்றம் செய்ய விண்ணப்பம், அறிவிப்பு, ஆட்சேபணை என்று முறை இருக்கிறது. அறிவிப்பில் வெறும் சர்வே எண்தான் இருக்கும். அந்த எண் ஒரு காலத்தில் டி.சி. நிலம் என்று பழைய பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும். 1980களில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல இடத்தில் அந்தக் குறிப்பு சாதாரணப் பட்டாவுக்குள் கரைந்துபோனது. முறையே பார்க்காமல் விற்ற மனைகளுக்கு 2017இல் வரன்முறை விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20க்குள் பத்திரம் பதிந்திருந்தால் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். விதிமீறலுக்குக் கடைசித் தேதி போட்டு மன்னிக்கிற சர்க்கார், 1892 நிபந்தனை மீறலுக்கு மட்டும் கோப்பைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

எங்க ஊரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஊர்ப்பேர் வேண்டாம். சேரிச் சுடுகாட்டுக்குப் போகிற பாதை வரப்புவழி. வயல் மனைப்பிரிவானதும் வரப்பு போய் காம்பவுண்டுச் சுவர் வந்தது. ஜமாபந்தியில் மனுக் கொடுத்தோம். புலப்படத்தை விரித்த அதிகாரி, "பாதைன்னு ஒண்ணும் இதுல இல்லையேப்பா" என்றார். உண்மைதான், இல்லை. மிராசுதார் வரப்பில் பிணம் தூக்கிப்போக விட்டது வழக்கம், வழக்கம் புலப்படத்தில் ஏறாது. என் சித்தி அவரிடம் கேட்டாள்: "நாங்க நடந்தது உங்க காயிதத்துக்குத் தெரியலன்னா, எங்க பொணம் பறந்தா போச்சு?" அவர் மனுவில் 'பரிசீலனைக்கு' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

'கருக்கு'வில் வரும் கல்லறைத் தகராறை அதற்கப்புறம்தான் நான் சரியாக வாசித்தேன் என்று நினைக்கிறேன். பறையர் கல்லறையைச் சாலியர்கள் தங்களுடையது என்கிறார்கள். சண்டை, போலீஸ், அடி. ஆண்கள் ஒளிந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பையன் செத்துப்போகிறான். அப்பன் வெளியே தலைகாட்ட முடியாது. பெண்கள் அவனுக்குச் சேலை கட்டிவிட்டு, பெண்களோடு பெண்ணாகக் கூட்டிப்போகிறார்கள். இந்த இடத்தை ஒடுக்கப்பட்டோரின் துயரம் என்றும், பெண்களின் சாமர்த்தியம் என்றும் விமரிசனங்கள் சொல்லிவிட்டன. இரண்டும் சரி. தகராறு ஒரு நிலத்தின் மேல், அந்த நிலத்தின் வகைப்பாட்டின் மேல் என்று சேர்த்து எழுத வேண்டும். பிள்ளையைப் புதைக்க அப்பன் வேஷம் கட்ட வேண்டியிருந்தது, அந்தக் கல்லறை எந்தக் கணக்கில் யார் பேரில் இருக்கிறது என்ற சண்டையில்.