கல்லாப் பணத்துக்கு வேலை இருக்கிறதா?

கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கும் ஆவடியிலும், தொழிற்பேட்டையை நம்பி வளர்ந்த அம்பத்தூரிலும், பணி ஓய்வின்போது ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வரும் குடும்பங்கள் அதிகம். அதில் ஒரு பங்கைப் பங்குச் சந்தையில் போடலாம் என்று முடிவெடுத்ததும், பெயரும் கிளையும் தெரிந்த நம் ஊர் வங்கிதான் முதலில் நினைவுக்கு வரும்: கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல். அப்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. வருடம் தவறாமல் டிவிடெண்டு தருகிறதா? புத்தக மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நல்ல பங்கு என்று முடிவாகிவிடும். இந்த அளவுகோலை மடமை என்று ஒதுக்க முடியாது. ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காவிட்டால், அந்த இரண்டு விடைகளுக்கும் பொருளே மாறிவிடும்: வங்கிக்குள் இருக்கும் பணத்துக்கு அங்கே வேலை இருக்கிறதா?

முதலில் வழக்கத்தின் நியாயத்தைப் பார்ப்போம். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியானது. 1969-ல் 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன், 1916-ன் கரூர் வைஸ்யா, 1921-ல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆகியவை சிறியவையாக இருந்ததால் தனியார் கையிலேயே தங்கின. கடைக்காரர், பட்டறைக்காரர், நகை வைத்துக் கடன் வாங்குபவர் என்று ஆளைத் தெரிந்து கடன் கொடுத்து வளர்ந்த வங்கிகள் இவை. இப்படிப்பட்ட வங்கி டிவிடெண்டு தருவதில் ஒரு கட்டுப்பாடும் அடங்கியிருக்கிறது. மூலதனமும் வாராக்கடனும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால்தான் தர முடியும் என்று ரிசர்வ் வங்கி 2005-ல் விதி வகுத்து, லாபத்தில் 40 சதவீதத்தை உச்சவரம்பாகவும் வைத்தது. 2020 ஏப்ரலில், கொரோனா நெருக்கடியைக் காட்டி, முந்தைய நிதியாண்டின் லாபத்திலிருந்து எந்த வங்கியும் மேற்கொண்டு டிவிடெண்டு தரக்கூடாது என்று நிறுத்தியும் வைத்தது. ஆகவே டிவிடெண்டு தரும் வங்கி ஒரு சோதனையைத் தாண்டி வந்தது என்பது உண்மைதான்.

ஆனால் சோதனையில் தேறியதை உடல்நலச் சான்றாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் வழக்கம் சறுக்குகிறது. “லாபம் பொய்யாக இருந்தால் ரொக்கம் எங்கிருந்து வரும்?” என்று கேட்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு லேத் பட்டறைக்கு இந்த வாதம் பொருந்தும். பில் போட்ட பணம் வசூலாகாவிட்டால் பங்குதாரருக்குக் கொடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. வங்கியின் கதை வேறு. அதன் கல்லாவில் எப்போதும் ரொக்கம் உண்டு, அது டெபாசிட்தாரருடையது. கடன்காரர் 90 நாள் வரை தவணை தவறினாலும் வர வேண்டிய வட்டி வருமானமாகவே கணக்கில் ஏறும். எனவே லாபம் காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆண்டிலும் டிவிடெண்டு ரொக்கமாகவே வந்து சேர்ந்துவிடும்.

கரூரில் 1926-ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி இதற்குச் சாட்சி. 2016-17-ல் சுமார் 256 கோடி ரூபாய் லாபம் காட்டிய வங்கி, அடுத்த ஆண்டே ஏறக்குறைய 585 கோடி நஷ்டம் காட்டியது. இடையே, 2017 டிசம்பரில், பழைய பங்குதாரர்களிடமே பங்கு ஒன்றுக்கு 122 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு விற்று மூலதனம் திரட்டியது. 2020 மார்ச்சில் அதன் மூலதனப் போதுமை விகிதம் (கடனின் அபாயத்துக்கு எதிரே சொந்த மூலதனம் எவ்வளவு என்பது) 1.12 சதவீதமாகச் சரிந்தது. அந்த நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டபோது டெபாசிட்தாரருக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்குதாரருக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை. மூலதனத்துக்குத் தவிக்கும் வங்கி இடக்கையால் டிவிடெண்டு கொடுத்தால், வலக்கையால் உரிமைப் பங்கு என்று திருப்பிக் கேட்கும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் நிற்கிறது. 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்குப் பொது வெளியீடு செய்த இந்த வங்கி, 2024-25-ல் சுமார் 1,183 கோடி லாபம் ஈட்டியது; பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 75 ரூபாய். அதில் டிவிடெண்டாகத் தந்தது 11 ரூபாய், அதாவது லாபத்தில் 15 சதவீதம். மீதி உள்ளே தங்கியது. மூலதனப் போதுமை விகிதமோ 32 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, விதிப்படி 11.5 இருந்தால் போதும். நகைக்கடனுக்குக் குறைந்த மூலதனமே தேவை என்பதும் இந்த விகிதம் உயர ஒரு காரணம். அதைக் கழித்துப் பார்த்தாலும், வேலையில்லாத பணம் கல்லாவில் குவிகிறது என்பதே பொருள். இங்கே குறை சொல்ல வேண்டுமானால் டிவிடெண்டு போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வங்கி கொடுத்திருக்கவே கூடாது. இன்னொன்று கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். டிவிடெண்டு விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

புத்தக மதிப்பும் இப்படித்தான். 2025 மார்ச்சில் தமிழ்நாடு மெர்க்கன்டைலின் புத்தக மதிப்பு பங்குக்கு 569 ரூபாய் அளவில் இருந்தது. சந்தை விலை அதற்குக் கீழே இருந்தது. சிட்டி யூனியனும் அந்த ஆண்டு லாபத்தில் 13 சதவீதம்தான் டிவிடெண்டு தந்தது. ஆனால் அதன் விலை புத்தக மதிப்புக்கு மேலே இருந்தது. மூலதனத்தின் மீது ஈட்டிய லாபத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்படியானால் தமிழ்நாடு மெர்க்கன்டைலில் சந்தை வேறு எதையோ தள்ளுபடி செய்தது: பல ஆண்டுகள் இழுத்த பங்கு உரிமை வழக்குகள், குவிந்த மூலதனம் என்ன ஆகும் என்ற ஐயம். அந்த ஐயம் மிகை என்று காரணத்தோடு சொல்ல முடிந்தவருக்கே அது மலிவு. பொதுவாகவும் கணக்கு எளிது. 100 ரூபாய் மூலதனத்தில் 14 ஈட்டும் வங்கியை 90-க்கு வாங்கினால் வருவாய் 15 சதவீதத்தைத் தாண்டும். 7 மட்டுமே ஈட்டுவதை 70-க்கு வாங்கினால் 10 சதவீதம்தான். தள்ளுபடி பெரியதாகத் தெரியும் இரண்டாவது பங்குதான் விலை கூடியது. இத்தனையும் அந்த 100 உண்மையில் 100-ஆக இருந்தால். வாராக்கடனுக்கு ஒதுக்காமல் விட்டது இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

“ஓய்வு பெற்றவருக்குப் புத்தக மதிப்பு வளர்வதால் என்ன பயன்? மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டுமே” என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அது இந்தப் பங்குகளுக்கு எதிரான வாதமாகத்தான் முடிகிறது. வெளியீட்டு விலையான 510-ல் வாங்கியவருக்கு 11 ரூபாய் என்பது 2.2 சதவீதம்கூட இல்லை. அதே வங்கியின் பிக்சட் டெபாசிட் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரும். 5 லட்சம் வரை காப்பீடும் உண்டு. செலவுக்குப் பணம் வேண்டுபவர் கவுன்ட்டரில் டெபாசிட்தாரர் பக்கம் நிற்க வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. இந்த வங்கிகளின் கிளைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டில்தான்; கடன் வாங்குபவர்களில் சிறுதொழில் நடத்துபவர் கணிசம். வாகன உதிரிபாக ஆர்டர் குறைந்தால் அம்பத்தூரில் மகனின் ஓவர்டைமும் அப்பாவின் வங்கிப் பங்கும் ஒரே நேரத்தில் அடிபடக்கூடும். தெரிந்த ஊர் என்ற நம்பிக்கைக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

ஆகவே ஆண்டறிக்கை கைக்கு வந்தால் டிவிடெண்டு வரியைக் கடைசியில் படிப்பதே நல்லது. மூலதனப் போதுமை, நிகர வாராக்கடன், மூலதனத்தின் மீதான லாபம் மூன்றையும் பார்த்த பிறகு, அந்த 11 ரூபாய் மிச்சத்திலிருந்து வருகிறதா, மூலதனத்திலிருந்து வருகிறதா என்பது விளங்கிவிடும். பாஸ்புக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் பதிவாகும்.