பீரோவுக்கு முன்னால் பத்து நிமிடம்

தினமும் காலையில் பீரோவுக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்பேன். மஞ்சள் சுங்குடிச் சேலைக்கு அம்மாவின் பழைய கறுப்பு ரவிக்கையா, அண்ணனிடமிருந்து சுட்ட கோடு போட்ட சட்டையா என்று யோசிக்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்கும். உடை மீது எனக்கு ஆசை உண்டு. அதை வெளியே சொல்லும்போது இன்றும் ஒரு குற்ற உணர்வு எட்டிப் பார்க்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது முதலில் நினைவுக்கு வந்தது ஒரு சினிமா.

2005 தீபாவளிக்கு வந்த ‘சிவகாசி’யை நாகர்கோவிலில் குடும்பத்தோடு பார்த்தேன். அப்போது நான் பள்ளி மாணவி. குட்டை உடையில் வரும் அசினுக்கு, பெண் எப்படி உடுத்த வேண்டும் என்று விஜய் வகுப்பெடுக்கிறார். தியேட்டரில் விசில். பிறகு அசின் சேலைக்கு மாறுகிறார், காதலும் வருகிறது. பக்கத்தில் இருந்த சித்தி என் பாவாடையை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டார். திரையில் சொன்னது சித்தியின் கைக்கு வந்து சேர அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அண்மையில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அதே படத்தில் நயன்தாரா ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து ஆடிவிட்டுப் போகிறார். அவர் உடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆக, துணியின் நீளம் அங்கே பிரச்சினையே இல்லை. பார்த்து ரசிக்க வேண்டியவளுக்கு ஒரு அளவு, கட்டிக்கொள்ள வேண்டியவளுக்கு இன்னொரு அளவு. இரண்டு அளவையும் எடுப்பவர்கள் ஆண்கள்.

இது புதிதும் இல்லை. 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வில், வெளிநாட்டில் படித்துவந்த ஜெயலலிதாவை வழிக்குக் கொண்டுவருவதுதான் கணவனான சிவாஜியின் வேலை. 1999இல் வந்த ‘படையப்பா’வில் நாகரிக உடையில் வரும் நீலாம்பரி திமிர்பிடித்தவள், அவள் வீட்டில் வேலை செய்யும் வசுந்தரா அடக்கத்தின் உருவம். கவனியுங்கள்: பிற்பாதியில் நீலாம்பரியும் சேலைதான் கட்டுகிறாள். அப்போதும் அவள் வில்லிதான். அவளிடம் அவர்களுக்குப் பிடிக்காதது உடை அல்ல, தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்ட குணம்.

இந்தப் படங்களில் உடை ஒரு நடத்தைச் சான்றிதழாகவே வருகிறது. இந்தப் பெண்ணுக்கு இந்த உடை ஏன் பிடித்தது என்று எந்தப் பாத்திரமும் கேட்பதில்லை. அவளுக்கு ரசனை என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே கதைக்குத் தோன்றவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்தின் வரலாறு பதில் சொல்லும். தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள். 1859இல் அரசு பணிந்தது. நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டது. மறைக்க அனுமதி உண்டு, அந்த மோஸ்தருக்கு அனுமதி இல்லை. சேலையை எப்படிப் போடுவது என்பது அற்ப விஷயமாக இருந்திருந்தால், ஓர் அரசு அதற்கு எதற்கு ஆணை போட வேண்டும்?

நம் பக்கத்திலும் ஒரு தயக்கம் இருக்கிறது. ஒருமுறை பெண்ணியக் கூட்டம் ஒன்றுக்கு ஜிமிக்கியும் லிப்ஸ்டிக்குமாகப் போனேன். மூத்த தோழி ஒருவர் சிரித்தபடியே, “என்னம்மா, கல்யாணத்துக்கா?” என்றார். அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. சிவப்பழகு விற்றவர்களும், குறைந்த கூலிக்குப் பெண்களைத் தைக்க வைத்து மலிவாக விற்பவர்களும் நம் ஆசையை நம்பித்தான் கடை விரிக்கிறார்கள். பெண்கள் கிராப் வெட்டிக்கொண்டு சட்டையும் லுங்கியும் அணியட்டும் என்று பெரியார் சொன்னதும் அலங்காரம் ஒரு விலங்காக இருந்ததால்தான். அந்த விலங்கை நானும் அறிவேன். ஆனால் வெளிர்நிறக் கைத்தறிச் சேலை மட்டுமே சிந்திக்கும் பெண்ணின் அடையாளம் என்றால், அதுவும் ஒரு சீருடைதான். யார் விற்கிறார்கள், யார் தைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நிறத்தையும் மடிப்பையும் ரசிக்க முடியும். நான் அப்படித்தான் பழகி வருகிறேன்: குறைவாக வாங்குவது, கிழிந்ததைத் தைப்பது, அம்மாவின் பெட்டியைக் கிளறுவது.

அம்மா நாளெல்லாம் நைட்டியில்தான் இருப்பார். அழைப்பு மணி அடித்தால் முதலில் துண்டைத் தேடித் தோளில் போடுவார், பிறகுதான் கதவு. போன மாதம் அவரே கடைக்குப் போய்ப் புது நைட்டி ஒன்று வாங்கி வந்தார். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. “இதுல பை இருக்குல்லா மக்ளே, போன் வைக்கலாம்” என்றார். நிறம் ஏன் இப்படி என்று கேட்டேன்.

“எனக்குப் பிடிச்சிருக்கு.”

அசினோ ஜெயலலிதாவோ இப்படிச் சொல்ல அந்தப் படங்களில் ஒரு காட்சிகூட இல்லை.