வுட்டிக்கில் ஓடும் மெட்டு

‘மங்கி ஐலண்ட்’ கணினி விளையாட்டு வரிசையில் முதல் பாகமா, இரண்டாம் பாகமா என்ற வழக்கில் நான் என்றைக்கும் இரண்டாவதன் பக்கம். முதல் பாகத்தின் ரசிகர்கள் வசைபாடிச் செய்யும் வாள்சண்டையை எடுத்துக்காட்டுவார்கள். அருமையான புதிர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 1991-ல் வந்த இரண்டாம் பாகமான ‘லெச்சக்ஸ் ரிவெஞ்ச்’சை அவர்கள் ஒலியைக் குறைத்துவிட்டு ஆடியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

உடைந்த கப்பல்களையே வீடுகளாக்கிக்கொண்ட வுட்டிக் ஊரில் கதாநாயகன் கைபிரஷை நடக்கவிடுங்கள். ஊருக்கென்று ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். வரைபடம் போடும் வாலியின் அறைக்குள் போனால் அதே மெட்டு வேறு வாத்தியத்துக்கு மாறும். சலவைக்கடையில் இன்னொரு முகம், தச்சர் வுட்டியிடம் இன்னொன்று. வெளியே வரும்போதுதான் விசேஷம். அறையின் இசை அறுபடாது. இருந்த இடத்திலிருந்தே ஒரு சின்ன இணைப்பை வாசித்து முடித்து, ஊர் மெட்டோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வேண்டுமென்றே வாசலில் போவதும் வருவதுமாக இருந்து பாருங்கள், தாளம் தப்பாது.

இதைச் செய்தவர்கள் மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும். முதல் பாகத்தில் இசை கையாளப்பட்ட விதம் லாண்டுக்குத் திருப்தி தரவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஐமியூஸ்’ என்ற இசை முறை. அன்றைய மிடி இசை ஒலிப்பதிவு அல்ல. எந்த வாத்தியம் எப்போது எந்தச் சுரத்தை வாசிக்கவேண்டும் என்ற கட்டளைகளின் கோவை. ஆகவே எங்கெங்கே திரும்பலாம் என்பதை இசையமைப்பாளர் முன்கூட்டியே குறித்துவைக்க முடிந்தது. ஆடுபவர் கதவைத் திறந்ததும், அடுத்த குறி வரும்வரை பொறுத்திருந்து இசை திரும்பும். ஒரு மெட்டுக்கு ஒரே முடிவு போதாது, வெளியேறக்கூடிய இடத்துக்கெல்லாம் ஒன்று எழுதவேண்டும். அந்த உழைப்பைத்தான் நான் கும்பிடுகிறேன். 1994-ல் ஐமியூஸுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

ஸ்டீவ் பர்செலும் பீட்டர் சானும் தூரிகையால் தீட்டி ஸ்கேன் செய்த பின்னணிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். குறைகளுக்கு வருகிறேன். இந்த விளையாட்டின் இரண்டாம் பகுதியில் மூன்று தீவுகளுக்கிடையே அலைந்தே பொழுது போய்விடும். எச்சில் துப்பும் போட்டியில் காற்று வீசும் சமயம் பார்த்துக் காத்திருப்பது புதிரே அல்ல. ஃபாட் தீவின் அருவியை நிறுத்தும் வழிதான் மன்னிக்க முடியாதது. மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கை, மெட்ரோனோமில் வாழைப்பழம் மாட்டி மயக்கித் தூக்கிவந்து ஸ்பானராகப் பயன்படுத்தவேண்டும். ஒருவகை ஸ்பானருக்கு அமெரிக்காவில் குரங்கின் பெயர் உண்டு என்பதை அறியாதவர் எவ்வளவு யோசித்தாலும் பயனில்லை. விளையாடுபவரைத் தேவையில்லாமல் தண்டிக்கக் கூடாது என்று 1989-லேயே கட்டுரை எழுதிய ரான் கில்பர்ட்டின் விளையாட்டில் இது இருப்பதுதான் வருத்தம்.

இருந்தும் அந்தக் குரங்கைத் தேடி அலைந்த நேரமெல்லாம் எனக்கு அலுக்காமல் போனதற்கு இசைதான் காரணம். இன்று முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்கிறார்கள். ஆனால் பல விளையாட்டுகளில் ஒரு பாட்டு தேய்ந்து மறைய, அடுத்தது தலைதூக்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது. வாத்தியங்களுக்குச் செலவு செய்கிறவர்கள் திருப்பங்களை எழுதுவதற்கும் நேரம் ஒதுக்கலாம்.

2010-ல் வந்த சிறப்புப் பதிப்பில் தொடங்க வேண்டாம். பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம்மில் அசலையே ஓட்டுங்கள். ஊரை மிரட்டும் லார்கோவை உடனே தேடிப் போகாமல், முதலில் வுட்டிக்கின் ஒவ்வொரு வாசலிலும் நுழைந்து வெளியே வாருங்கள்.